இரண்டு தாள், ஒரே வரி

லமாரா இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள்.
நல்ல சேதிதான், உட்காருங்கள் நுக்சார் என்றாள்.
நல்ல சேதிக்கு யாராவது உட்காரச் சொல்வார்களா, சோட்னே?
உன் சாவை எனக்கு நின்றபடிதான் சொன்னார்கள்,
ருஸ்தாவி இரும்பாலையின் மூன்றாம் வாசலில்,
உலை அணைந்த பிறகும்
காவலுக்கு மட்டும் சம்பளம் கொடுத்த காலத்தில்.

இரண்டு தாளிலும் ஒரே வரி:
கண்டறிய இயலவில்லை.

அந்தக் குளிர்காலம் உனக்கு ஞாபகம் இருக்காது.
மின்சாரம் இல்லை.
ஏழு மாடி இருட்டில் ஏறி
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி நாலு பேர்.
ஒரு ஊசி. ஒரு கிளாஸ் தண்ணீர்.
உன் முறை முடிந்ததும் அலசினாய்,
ஒருமுறைக்கு இரண்டுமுறை,
விருந்துக்கு முன் கோப்பை கழுவும் வீட்டுக்காரன் மாதிரி.
அலசிவிட்டு என்னிடம் நீட்டினாய்.

எங்கள் ஜார்ஜியாவில் விருந்தாளி என்றால் கடவுள் அனுப்பிய ஆள்.
இரண்டு பேர் வந்தார்கள் ஒரே வாசல் வழியாக,
அன்றிரவே இருவருமா, வேறு வேறு இரவுகளிலா,
யார் கண்டது.
உன்னிடமிருந்தா, பெஸோவிடமிருந்தா,
இல்லை, நான்தான் உனக்குக் கொடுத்தேனா.
பெஸோ எங்கோ ரஷ்யச் சிறையில்.
நாலாமவன் பெயரைச் சொல்ல மாட்டேன்,
அவனுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள்.

ஒருவன் காவல்காரர்களைத் தின்றான்.
மற்றவன் ஈரலில் குடியேறிச்
சத்தமில்லாமல் சுவர் எழுப்பினான்.
காவலற்ற வீட்டில் கொத்தனாருக்கு என்ன பயம்?
கல்லும் ஈரமுமாய்ச் சேர்ந்து ஒலிக்கிற பெயர் கல்லீரல்;
என்னுடையதில் ஈரம் வற்றிக் கல் ஏறிக்கொண்டிருந்தது.
விலாவில் ஒரு கருவியை வைத்துத் தட்டுவார்கள்,
தர்ப்பூசணி வாங்குகிறவன் தட்டுவதுபோல.
பதினொன்று என்றது.
மறு வருடம் பன்னிரண்டரை.
பதினைந்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.
தாண்ட வேண்டாம் என்றார் டாக்டர்.

பிறகு அந்த மருந்து வந்தது, அரசாங்கச் செலவில்.
அதற்காக என் பழைய ராத்திரி மாத்திரையை மாற்றினார்கள்,
இரண்டுக்கும் ஒத்துவராதாம்.
மருந்துக்குள்ளும் மாமியார் மருமகள்.
மாற்றிக் கொடுத்ததை மதியம் ஒரு மணிக்கு விழுங்குகிறேன்.
ஈரலுக்கானது எண்பத்து நாலு மாத்திரை. எண்ணினேன்.
எதையுமே இவ்வளவு ஒழுங்காக நான்
நரம்பில் ஏற்றியதுமில்லை, வாயில் போட்டதுமில்லை.

இப்போது லமாரா பென்சிலால் காட்டுகிறாள்.
இந்தத் தாளில் இந்த வரிக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.
அந்தத் தாளில் அதே வரிக்கு
இருக்கிறான், கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.
ஆகவே மதிய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் அழுதேன்.
சந்தோஷம் என்று நினைத்து அவள் கைக்குட்டை கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன். எப்படிச் சொல்வேன் அவளிடம்,
இத்தனை வருடம் உன் கிளாஸ் தண்ணீர்
என் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது,
அதை இறைத்துக் கொட்டிவிட்டார்கள் என்று?
என்னைக் கொல்லப் பார்த்தவன்தான்.
என்றாலும் உன்னைத் தெரிந்தவன்.

ஈஸ்டருக்கு மறுநாள் உன் கல்லறைக்கு வந்தேன்.
சிவப்பு முட்டையை உன்மேல் உருட்டினேன்,
அது புல்லில் சிக்கி நின்றது.
ஒயினை மண்ணில் ஊற்றினேன், உன் பங்கும் என் பங்கும்.
எனக்கு இனிமேல் ஒரு சொட்டும் கூடாது.
நீ எந்தத் தாள், சோட்னே?
போய்விட்டவனா,
கண்ணில் படாதவனா?

பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம்
ரொட்டியைப் பிய்த்து எனக்கும் நீட்டியது.
அப்போது சட்டைப்பைக்குள் போன் அலறியது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
மணி ஒன்று.
ரொட்டியை முழங்கால்மேல் வைத்துவிட்டு
தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.